விடு, போடு: துணிவுப் பொருளா, முடிவுப் பொருளா?

தமிழில் ஒரு வினையின் பின்னே வந்து ஒட்டித் தன் பொருளை இழந்து, முன்னின்ற வினைக்கே ஒரு சார்பு தந்து நிற்கும் வினைகள் பல. அவற்றுள் மிகுதியும் பயில்வது ‘விடு’ என்பது. ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்துவிட்டான்’ என்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதனைத் தமிழைத் தாய்மொழியாக உடையார் எவரும் உணர்வர். அவ்வேறுபாடு யாது என உரைக்கப் புகின் இடர்ப்படுவர். இடர்ப்பட்டார்க்கு நூல்கள் தரும் எளிய விடை, ‘விடு என்பது வினையை வலியுறுத்த வரும்’ என்பது. பள்ளியில் வகுப்பறைக் குறிப்பு முதல் உயர்கல்வி வரை இவ்விடை ஏறத்தாழ ஒரே வடிவிற் பயின்று வருகின்றது. அது பொருந்துமா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா ஏட்டிலிருந்து மட்டும் எழுந்ததன்று. திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் வீரபாண்டி என்னும் ஊர் உள்ளது. முன்னர்த் தனிச் சிற்றூராய் இருந்து, பனியன் தொழில் பெருகப் பெருகத் திருப்பூரோடு ஒன்றாய்க் கலந்த ஊர் அது. அங்குள்ள தையற்கூடங்களிலும் தேநீர்க் கடைகளிலும் வழங்கும் கொங்குத் தமிழைச் செவிமடுப்பார், ஏனையிடங்களில் ‘விடு’ நிற்கும் இடங்களிற் பலவற்றில் ‘போடு’ நிற்பதனைக் காண்பர். ‘மறந்துவிட்டேன்’ என்னாது ‘மறந்துபோட்டேனுங்க’ என்பர். ‘சொல்லிவிட்டுப் போனார்’ என்னாது ‘சொல்லிப்போட்டுப் போனாருங்க’ என்பர். இப் ‘போடு’ என்பதனையும் வலியுறுத்தும் சொல் என்றே கொள்வதா? அன்றி, நூல்கள் சில கூறுமாறு இகழ்ச்சியும் வன்மையும் காட்டும் சொல் என்று கொள்வதா? இரண்டும் பொருந்தா என்பதே நம் கருத்து. அதனை நிறுவுதற்கு முதற்கண் ‘விடு’ என்பதன் இயல்பினைத் தெளிதல் வேண்டும்.

1. நூல்கள் கூறுவன

தொல்காப்பியர் துணைவினை என ஒரு பகுப்பினைத் தனியே வகுத்துக் கூறினாரல்லர். பிற்காலத்து இலக்கண மரபு விடு, ஒழி போல்வனவற்றை விகுதிகளின் பாற்படுத்துத் துணிவுப் பொருள் தருவன என்றது. ‘கொள்’ என்பதனைத் தற்பொருட்டுப் பொருள் தருவது என்றது. ‘இடு’ போல்வனவற்றைப் பகுதிப் பொருள் விகுதி என அமைத்தது. ஐரோப்பியர் தம்மவர்க்குத் தமிழ் கற்பிக்க எழுதிய இலக்கணங்கள் ‘விடு’ என்பதனை வினைக்கு வன்மையும் நிறைவும் தருவதாகக் கூறின. துணிவு என்னும் பழஞ்சொல்லும் வன்மை என்னும் புதுச்சொல்லும் ஒன்றாய்க் கலந்தே ‘வலியுறுத்தல்’ என்னும் இக்கால விளக்கம் உருவாயிற்று எனக் கருதுதற்கு இடமுண்டு.

மொழியியலார் வரவால் இவ்வாராய்ச்சி மேலும் நுண்மை பெற்றது. ஹெரால்டு ஷிஃப்மன் 1969-இல் சிகாகோப் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில் தமிழ்த் துணைவினைகளை வினைநிலை காட்டும் ஓர் அமைப்பாகக் கண்டார். இ. அண்ணாமலை 1985-இல் வெளியிட்ட நூலில் பேசுவோர் மனநிலைக்குப் பெரிதும் இடந்தந்து இவற்றை ஆராய்ந்தார். ஷிஃப்மன் 1999-இல் வெளியிட்ட பேச்சுத் தமிழ் இலக்கணத்தில், ‘விடு’ வினைமுற்றுப்பேறு காட்டுவது எனவும், ‘போடு’ தீய நோக்கம் காட்டுவது எனவும் வகைப்படுத்தினார். 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி துணைவினைப் பயன்பாட்டினைத் தலைமைவினையின் வேறாகப் பிரித்துக் காட்டி அகராதிக் கலையில் ஒரு நல்வழியைத் திறந்தது. இவையெல்லாம் உளவாகவும், வகுப்பறைகளில் ‘வலியுறுத்தல்’ என்னும் ஒற்றைச் சொல்லே இன்றும் ஆட்சி செய்கின்றது. ஆதலின் அதனையே முதலில் ஆராய்வாம்.

2. வலியுறுத்தலும் விடுவும் ஒன்றல்ல

தமிழில் ஒரு கருத்தை வலியுறுத்துதற்குத் தனிக்கருவிகள் உள. அவற்றுள் தலையாயது ஏகாரம். தொல்காப்பியர் ஏகாரத்திற்குக் கூறிய ஐந்து பொருள்களுள்ளும், நன்னூலார் கூறிய ஆறு பொருள்களுள்ளும் தேற்றம் ஒன்றாகும். உண்மையான வலியுறுத்தற் கருவியின் இயல்பு யாது என அறிய விரும்புவார் இவ்வேகாரத்தோடு ‘விடு’ என்பதனை ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

முதலாவது, ஏகாரம் தொடரில் எச்சொல்லோடும் இயைந்து அச்சொற்பொருளை வலியுறுத்த வல்லது. ‘அவனே நேற்று வந்தான்’, ‘அவன் நேற்றே வந்தான்’ என இடம்பெயர, வலிமையும் இடம்பெயரும். ‘விடு’ அவ்வாறு பெயராது. வினையோடு மட்டுமே இயையும். ‘அவன் நேற்று வந்துவிட்டான்’ என்பதில் அவனை வலியுறுத்தவோ நாளை வலியுறுத்தவோ ‘விடு’ உதவாது.

இரண்டாவது, ‘விடு’ உள்ள தொடரிலேயே ஏகாரமும் வந்து நிற்கும். ‘வந்தேவிட்டான்’ என்பது நாள்தோறும் வழங்கும் தொடர். ‘விடு’ தானே வலியுறுத்துமாயின் அங்கு ஏகாரம் வந்து செய்யும் பணி யாது? ‘வந்துவிட்டான்’ என்பதினும் ‘வந்தேவிட்டான்’ என்பது வலிமை மிக்கது என்பதனைச் சிறாரும் அறிவர். ஆகவே வலிமையை ஏகாரம் தந்தது; ‘விடு’ தந்தது பிறிதொன்று.

மூன்றாவது, எதிர்மறை. இதுவே யாவற்றினும் தெளிவான சான்று. ‘வரவில்லை’ என்பதனை வலியுறுத்த விரும்புவான் ‘வரவே இல்லை’ என்பான். அவன் ஒருபோதும் ‘வந்துவிடவில்லை’ என்னான். ‘வந்துவிடவில்லை’ என்பதும் தமிழே; ஆனால் அதன் பொருள் வேறு. பிறர் ‘வந்துவிட்டான்’ என்று கருதிய வழி, ‘அந்நிலை இன்னும் எய்தவில்லை’ என மறுப்பது அது. ‘ஒருமுறை பரிசு பெற்றதனால் அவன் பெரும்புலவன் ஆகிவிடவில்லை’ என்னும் தொடரை நோக்குக. புலவனாகாமை அங்கு வலியுறுத்தப்பெறவில்லை. புலமையின் எல்லையைக் கடந்தான் என்னும் கருத்தே மறுக்கப்பெற்றது. எதிர்மறையிலும் ஒருங்கு செல்லாத ஒன்றனை வலியுறுத்தற் கருவி எனல் யாங்ஙனம்?

3. துணிவும் அன்று

‘வலியுறுத்தல் என்றது பிழையாயினும் ஆகுக, பழையோர் கூறிய துணிவு பொருந்துமன்றோ’ எனின், அதுவும் முழுதும் பொருந்தாது. துணிவாவது ஐயம் நீங்கிய நிலை. ஐயத்தொடு ‘விடு’ கூடி வருதல் தமிழில் இயல்பு. ‘வந்துவிடுவானோ’ என அஞ்சுவான் ஒருவன் துணிந்து கூறுகின்றானல்லன். ‘மழை வந்துவிட்டால் என் செய்வது’ என்பாள் மழை வரும் எனத் துணிந்தாளல்லள். வரக்கூடாதே எனக் கவல்கின்றாள். துணிவே ‘விடு’ என்பதன் பொருளாயின், ஓகார ஐயத்தொடும் ‘ஆல்’ என்னும் நிபந்தனை எச்சத்தொடும் அது முரணி நிற்றல் வேண்டும். முரணாமையின், துணிவு அதன் உள்ளுறை பொருளன்று என்க.

அங்ஙனமாயின் அதன் பொருள்தான் யாது? நிலை காட்டும் வினைகளோடு அதனை இயைத்துக் காணின் விடை வெளிப்படும். ‘அவனுக்கு உண்மை தெரியும்’ என்பது அவன்பால் உள்ள ஒரு நிலை. ‘அவனுக்கு உண்மை தெரிந்துவிடும்’ என்பது, இப்பொழுது தெரியாத ஒன்று இனித் தெரியவரும் என்பது. ‘விடு’ வலியுறுத்துவதாயின் இரண்டாவது தொடர் ‘அவனுக்கு உறுதியாகத் தெரியும்’ எனப் பொருள்பட்டிருத்தல் வேண்டும். அவ்வாறு படவில்லை. தெரியாமைக்கும் தெரிதலுக்கும் இடையே உள்ள ஓர் எல்லையைக் கடத்தலையே அது காட்டிற்று. ‘தூங்கினான்’ என்பான் உறங்கிய செயலைக் கூறுகின்றான். ‘தூங்கிவிட்டான்’ என்பான் விழிப்பின் எல்லை கடந்தமையைக் கூறுகின்றான். ஆகவே, வினை தன் எல்லையைக் கடந்து முடிவு எய்திய நிலையை உணர்த்துவதே ‘விடு’ என்பதன் பொருள் எனக் கொள்ளுதும். இதனை முடிவுப் பொருள் என்பாம்.

நம் நாட்டில் விடைபெறுவோர் கூறும் தொடரே இதற்குத் தக்க சான்று. ‘போகிறேன்’ எனல் மங்கலமன்று எனக் கருதிப் ‘போய்விட்டு வருகிறேன்’ என்பர். இங்கு ‘விடு’ எதனை வலியுறுத்திற்று? போதலையா? போதலை வலியுறுத்த அஞ்சியன்றோ அத்தொடரே பிறந்தது! போதல் என்னும் வினை ஓர் எல்லையோடு முடிந்துபடும், அதன்பின் வருதல் நிகழும் என்பதே அங்குப் பொருள். அதே ‘போ’ என்பதனோடு அதே ‘விடு’ சேர்ந்து ‘பெரியவர் போய்விட்டார்’ என வருங்கால் இறப்பினைக் குறிக்கின்றது. முன்னதில் முடிந்த போக்கிற்கு மீட்சி உண்டு, பின்னதில் இல்லை. மீட்சியும் மீளாமையும் இடத்தால் பெறப்படுவன. இரண்டிற்கும் பொதுவாய் நிற்பது முடிவு ஒன்றே.

பழையோர் துணிவு என்றது பிழையெனத் தள்ளுவது நம் கருத்தன்று. முடிவு கூறுங்கால் துணிவு தானே தோன்றுதல் உண்டு. தொல்காப்பியர், வாராக் காலத்து நிகழ்ச்சியையும் நிகழ்கின்றதனையும் விரைவு பற்றி இறந்த காலத்தாற் கூறுதல் வழக்கு எனக் கால மயக்கத்தை அமைத்தார். உண்டு முடியாதவனை ஒருவன் விரைவுபடுத்த, அவன் தான் உண்டு புறப்பட்டதாகவே விடை கூறுதலை உரையாசிரியர் காட்டுவர். இன்று பேருந்தில் பாதி வழியில் இருப்பவனும் கைப்பேசியில் ‘இதோ வந்துவிட்டேன்’ என்கின்றான். அன்று இறந்தகால முற்றுத் தனித்து நின்று செய்த பணியை இன்று ‘விடு’ துணைநின்று செய்கின்றது. வாராத வினையை முடிந்ததாகக் கூறுதலின் கேட்போர்க்குத் துணிவு பிறக்கின்றது. துணிவு விளைவு, முடிவே பொருள். விளைவைப் பொருளாகக் கொண்டதே மயக்கத்திற்குக் காரணம்.

மனநிலை பற்றிய கூற்றிற்கும் இதுவே விடை. ‘மழை பெய்துவிட்டது’ என்னும் தொடரைப் பல்லடம் பக்கத்து மானாவாரி உழவர் கூறின் அதில் மகிழ்ச்சி உண்டு. வெயிலில் துணி உலர்த்தியிருக்கும் சலவைப் பட்டறையார் கூறின் அதில் துயர் உண்டு. தொடர் ஒன்றே, ‘விடு’ ஒன்றே. மகிழ்ச்சியும் துயரும் சொல்லில் இல்லை, சொல்வோர் வாழ்வில் உள்ளன. எல்லை கடந்தது என்பதனை மட்டும் சொல் கூறுகின்றது. அக்கடப்பால் எய்திய நலமும் கேடும் அவரவர்க்கு உரியன.

4. போடு: பொதுவழக்கும் கொங்கு வழக்கும்

இனிப் ‘போடு’ என்பதனைக் காண்பாம். பொதுத்தமிழில் அது துணையாக வருங்கால் எறிதல், கிடத்துதல், ஓரிடத்து வைத்தல் என்னும் தன் சொந்தப் பொருளை முழுதும் இழப்பதில்லை. ‘உடைத்துப் போட்டான்’, ‘கிழித்துப் போட்டான்’ என்பனவற்றில் உடைந்ததும் கிழிந்ததும் கீழே கிடத்தலை உணர்கின்றோம். ‘வாங்கிப் போட்டான்’ என்பதில் பிற்பயன் கருதி வைத்தலை உணர்கின்றோம். அழிவு பற்றிய வினைகளோடு மிகுதியும் வருதலின், அலட்சியமும் வன்மையும் தீய நோக்கமும் அதன் பொருள் எனக் கொண்டனர். பொதுத்தமிழை மட்டும் நோக்கின் அம்முடிவு ஓரளவிற்குப் பொருந்தும்.

கொங்குத் தமிழில் அம்முடிவு நில்லாது. அங்குத் ‘தூங்கிப்போட்டேனுங்க’ என்பர். தூங்குதலில் எறிவதும் இல்லை, கிடத்துவதும் இல்லை, தீய நோக்கமும் இல்லை. ‘மறந்துபோட்டேனுங்க’ என்பதும் அன்னதே. மறத்தல் வேண்டுமென்று செய்யும் வினையன்று. செயப்படுபொருள் குன்றிய வினையோடும், அறியாது நிகழும் வினையோடும் ‘போடு’ இயைந்தமையின், அது தன் பழம்பொருளைக் கைவிட்டு முடிவுப் பொருள் ஒன்றையே ஏற்றது என்பது தேற்றம். இதற்கு முடிமணியாக நிற்பது ‘உட்டுப்போட்டு’ என்னும் வழக்கு. பொதுத்தமிழில் ‘விட்டுவிட்டு’ என்பதற்கு நிகர் அது. தலைமைவினையாய் ‘விடு’ நிற்க, அதற்குத் துணையாய்ப் ‘போடு’ நிற்கின்றது. ‘போடு’ கைவிடுதலை உணர்த்தின் அங்குக் கூறியது கூறலாம். முடிவை உணர்த்தின் குற்றமில்லை.

இதனினும் வலிய சான்று ‘ங்க’ என்னும் மரியாதை ஈறு. கொங்கு நாட்டார் தம்மின் மூத்தாரிடத்தும் புதியாரிடத்தும் பேசுங்கால் தொடர்தோறும் ‘ங்க’ சேர்த்துப் பேசுதல் யாவரும் அறிந்தது. ‘அப்பாரு அப்பவே சொல்லிப்போட்டாருங்க’ என ஒரு பெண் தன் பாட்டனாரைப் பற்றி வேறொரு பெரியவரிடம் கூறுவாள். பாட்டனார்க்கு உயர்வுப்பன்மை, கேட்போர்க்கு மரியாதை ஈறு, இடையில் ‘போடு’. இகழ்ச்சி காட்டும் துணைவினை ஒன்று இரு மரியாதைகளுக்கு நடுவில் எங்ஙனம் அமரும்? அமர்ந்துள்ளமையின் அஃது இகழ்ச்சி காட்டாது என்பதே முடிவு. சொல்லின் பண்பினை அதன் சுற்றத்தால் அறிதல் சொல்லாராய்ச்சியின் முதற்பாடம்.

தொழிற்கூடங்களிலும் இவ்வழக்கே வழங்கும். வீரபாண்டிப் பகுதியில் ஒருவர் ‘கட்டிங் முடிச்சுப்போட்டேனுங்க’ என்றால், வெட்டும் பணி நிறைவெய்திற்று, அடுத்து ஓவர்லாக் பொறிக்குத் துணி செல்லலாம் என்பது பொருள். ‘கணக்கு முடிச்சுப்போட்டாங்க’ என்றால் ஊதியக் கணக்குத் தீர்ந்தது என்பது பொருள். மகிழ்ச்சியோடு தீர்ந்ததா, வேலையை விட்டு நீக்கித் தீர்ந்ததா என்பதனைத் துணைவினை கூறாது. மதுரையிலிருந்தோ தேனியிலிருந்தோ வந்து அவ்வூரில் தங்கிய தொழிலாளர் இவ்வழக்கினை முதலிற் கேட்குங்கால் சற்றே கடுமையாக உணர்தல் கூடும். நாளடைவில் தாமும் அவ்வாறே பேசுவர். தமிழை அங்கேயே முதன்முதற் கற்கும் வடமாநிலத்தவர்க்கு அத்தடையும் இல்லை. பொதுத்தமிழின் ‘போடு’ அவர் செவியில் முன்னரே பதியவில்லை அன்றோ!

5. இடு என்பது ஏற்புடைத்தாயின்

‘இஃது ஒரு வட்டாரத்தின் சிதைவு, இதற்கு இலக்கணம் தேடல் வேண்டா’ என்பாரும் உளர். அவர்க்கு நாம் காட்டுவது ‘இடு’ என்னும் துணைவினை. ‘வந்திட்டான்’, ‘எழுந்திடு’, ‘கூறிடுவேன்’ என்பன செய்யுளிலும் மேடைத் தமிழிலும் பயின்று வருவன. அவற்றை எவரும் இழிவழக்கு என்பதில்லை. பீடுடைய நடை என்றே போற்றுவர். ‘இடு’ என்பதன் சொந்தப் பொருள் யாது? வைத்தல், போடுதல் என்பதன்றோ! கோலம் இடுதலும் கோலம் போடுதலும் ஒன்றே. உரம் இடுதலும் உரம் போடுதலும் ஒன்றே. ‘போடு’ என்பதற்கு ‘இடு’ பழஞ்சொல். ‘இடு’ என்பதற்குப் ‘போடு’ வழக்குச்சொல். ‘இடு’ துணையாக வருங்கால் அணியெனக் கொண்டு, ‘போடு’ துணையாக வருங்கால் பிழையெனக் கொள்ளுதல் இலக்கணம் ஆகாது. பழகிய செவியின் சார்பே ஆகும்.

இவ்வழக்கு ஒரு வட்டாரத்திற்கே உரியதும் அன்று. யாழ்ப்பாணத்தார் ‘சொல்லிப்போட்டன்’, ‘மறந்துபோட்டன்’ என்பர். கடலுக்கு அப்பால் உள்ள யாழ்ப்பாணமும் மலைசூழ்ந்த கொங்கும் தம்முள் அண்மையன அல்ல. ஒன்றைப் பார்த்து மற்றொன்று கெட்டது எனல் பொருந்தாது. பொதுவாய் வந்த பழமையாயினும், தனித்தனியே நிகழ்ந்த வளர்ச்சியாயினும், தமிழின் இயல்புக்குள் அடங்கிய ஒரு நெறியே அது என்பது பெறப்படும்.

இன மொழிகளும் இதற்குத் துணைநிற்கின்றன. கன்னடத்தார் ‘பந்துபிட்ட’ என்பது நம் ‘வந்துவிட்டான்’ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் நிகர். தெலுங்கர் எறிதலும் இடுதலும் குறிக்கும் ‘வேயு’ என்பதனைத் துணையாக்கிச் ‘செப்பேசாடு’ என்பர். அதற்குச் ‘சொல்லிவிட்டான்’ என்பது பொருள். வருதல் போலும் வினையோடும் அது சேர்ந்து ‘வச்சேசாடு’ என வரும். அங்கு எறிதற்கு ஒரு பொருளும் இல்லை. கொங்குத் தமிழின் ‘போடு’ நடந்த வழியிலேயே தெலுங்கின் ‘வேயு’ நடந்துள்ளது. வேற்றினத்து இந்தியும் ஊற்றுதல், இடுதல் குறிக்கும் ‘டால்னா’ என்பதனைத் துணையாக்கும். தொலைவில் உள்ள சப்பானிய மொழியில், எடுத்து வைத்தலையும் முடித்தலையும் குறிக்கும் ‘ஷிமௌ’ என்னும் வினை துணையாய் நின்று முடிவினை உணர்த்தும். இடம் நோக்கி வருத்தமும் அதிற் புலப்படும். இவற்றால் இனவுறவு நாட்டுதல் நம் நோக்கமன்று. கையில் உள்ளதனைக் கீழே வைத்தவன் அப்பணியை முடித்தவன். கைவிடுதலும் கீழிடுதலும் முடிவுக்கு அறிகுறியாதல் மாந்தர் எல்லார்க்கும் பொதுவாகிய பட்டறிவு. ‘விடு’, ‘இடு’, ‘போடு’ என்னும் மூன்றும் அப்பட்டறிவின் மூன்று பெயர்கள் எனலாம்.

6. தடையும் விடையும்

நம் கொள்கைக்கு இரண்டு தடைகள் எழுதல் கூடும். கொங்கு நாட்டிலும் ‘விடு’ வழங்குகின்றதே, அங்ஙனமாயின் ‘போடு’ வேறு பொருள் தருதல் வேண்டுமே எனல் ஒன்று. ‘வந்துட்டேன்’ போன்ற வடிவங்கள் அங்கு உண்டு என்பது உண்மையே. ஒரே பொருளுக்கு இரு சொற்கள் ஒரு வழக்கில் உடன் வாழ்தல் மொழிக்குப் புதிதன்று. பள்ளியும் செய்தித்தாளும் திரைப்படமும் ஒரு வடிவைத் தர, வீடும் தோட்டமும் மற்றொரு வடிவைக் காத்தன. ஒருவரே தலைவாயிலில் ஒன்றும் புழைக்கடையில் ஒன்றும் பேசுதல் நாம் காணாததன்று.

‘உடைச்சுப்போட்டான்’ என்புழிக் கொங்கிலும் சினம் தோன்றுகின்றதே எனல் மற்றொன்று. சினம் தோன்றுவது உண்மை. அது ‘உடை’ என்பதனாலும் உடைந்த பொருளின் அருமையாலும் தோன்றியது. அதே தொடரைத் தேங்காய் உடைத்த பூசாரியைப் பற்றிக் கூறின் சினம் இல்லை. முன்னர் மழை பற்றிக் கூறிய நெறியே இங்கும் கொள்க.

7. இதனால் ஆவது என்?

துணைவினை ஒன்றன் பொருளை முடிவு என்றாலென், வலியுறுத்தல் என்றாலென் என வினவுவார்க்கு மூன்று பயன்களைக் கூறுவாம்.

அகராதி முதலாவது. ‘போடு’ என்பதற்குத் துணைவினைப் பொருள் எழுதுவார் பொதுத்தமிழ்ப் பொருளை மட்டும் எழுதி, கொங்கு வழக்கையும் ஈழ வழக்கையும் விடுவராயின், தமிழருள் ஒரு பெரும்பகுதியாரின் நாள்வழக்கு ஏட்டில் ஏறாது போகும். வட்டார அகராதிகள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களையும் அருஞ்சொற்களையுமே தொகுத்தன. துணைவினை போலும் சிறுசொற்களே வழக்கிற்கு வழக்கு மிகுதியும் மாறுவன என்பதனை மனங்கொள்ளல் வேண்டும்.

இலக்கியத் திறனாய்வு இரண்டாவது. ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் வெளியிட்ட ‘நாகம்மாள்’ கொங்கு மக்களின் பேச்சினைப் புதினத்திற்குக் கொணர்ந்த முன்னோடி நூல்களுள் ஒன்று. அதன் வழியே பின்னர்ப் பலர் வந்தனர். அத்தகைய புதினங்களைக் கற்பிப்பார் மாந்தரின் வாயில் வரும் ‘போடு’ என்பதனைக் கண்டு, ‘இவர் கரடுமுரடான இயல்பினர், ஆசிரியர் அதனைச் சொல்லாற் காட்டினார்’ என விளக்கப் புகின், இல்லாத குணத்தை மாந்தர்மேலும் இல்லாத உத்தியை ஆசிரியர்மேலும் ஏற்றியவர் ஆவர்.

மூன்றாவது, இவ்விரண்டினும் கனமுடையது. ஒருவர் காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ ‘அடிச்சுப்போட்டானுங்க’ என உரைக்கின்றார் எனக் கொள்வோம். அவர் வழக்கில் அஃது ‘அடித்துவிட்டான்’ என்பதாம். அடித்தல் நிகழ்ந்து முடிந்தது என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. எழுதுவார் அதனைப் பொதுத்தமிழ் வடிவிற்கு மாற்றி ‘அடித்துப் போட்டான்’ என எழுதின், அடியுண்டவர் வீழ்ந்து கிடந்தார் என்னும் பொருள் புகும். ‘வெட்டிப்போட்டான்’ என்பது இன்னும் கொடிது. பொதுத்தமிழில் அதனைக் கேட்பார் உயிர்க்கேடு நிகழ்ந்ததோ என ஐயுறுவர். சென்னை உயர்நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் ஆதலின், மேல்முறையீட்டிற் செல்லும் சாட்சியம் மீண்டும் ஒருமுறை பெயர்க்கப்படும். வழக்குத்தமிழ் பொதுத்தமிழாய், பொதுத்தமிழ் ஆங்கிலமாய் மாறுங்கால், முடிவு காட்டிய சிறு துணைவினை ஒரு கொடுஞ்செயலாய் உருப்பெறுதல் கூடும். உரைத்தவர் பொய் கூறினாரல்லர், எழுதியவர் திரித்தாரல்லர். இலக்கணம் அறியாமையே இடையில் நின்று தீங்கு செய்யும். ஒரு சொல்லின் பொருளைச் சரியாக வரையறுத்தல் புலவர் பொழுதுபோக்கன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ‘விடு’ என்னும் துணைவினையின் உள்ளுறை பொருள் வலியுறுத்தலும் அன்று, துணிவும் அன்று, முடிவே என்பதும். துணிவு, விரைவு, அச்சம், மகிழ்ச்சி முதலியன இடத்தாற் பிறக்கும் விளைவுகள் என்பதும். கொங்கு வழக்கின் ‘போடு’ அம்முடிவுப் பொருளையே தருவது, இகழ்ச்சிப் பொருளது அன்று என்பதும் பெறப்பட்டன. பொதுத்தமிழின் ‘போடு’ வேறு, கொங்கின் ‘போடு’ வேறு எனப் பகுத்துக் காட்டுதல் இனி இலக்கணம் எழுதுவார் கடனாகும்.

வழக்கென்பதனை உயர்ந்தோர் மேல் வைத்த தொல்காப்பியரே திசைச்சொல்லையும் செய்யுட்குரிய சொல் நான்கனுள் ஒன்றாக ஏற்று அமைத்தார். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் தோன்றிய சனகாபுரம் தம் நாட்டதே எனக் கொங்கு நாட்டார் உரிமை பாராட்டுவர். அவ்வுரிமை மெய்யாயின், தமிழர்க்கு ஒரு பெரும் இலக்கணம் தந்த நாட்டின் பேச்சுக்கு இன்னும் ஓர் இலக்கணம் எழுதப்பெறும் கடன் நம்மிடம் நிலுவையில் உள்ளது. முதுகலை மாணவர் இக்கடனை மேற்கொள்ளல் வேண்டும். வீரபாண்டியில் ஒரு நாள் நின்று, எவ்வெவ் வினைகளோடு ‘போடு’ சேர்கின்றது, எவற்றோடு சேர மறுக்கின்றது, ‘விடு’ எங்கே தன் இடத்தை விடாது நிற்கின்றது எனக் குறித்து வருவாராயின், நாம் இங்குக் கூறியதனுள் கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளலாம். ஆராய்ச்சி அதனால் மேற்செல்லும்.